பண்டைய கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் கதைமாந்தர் பெயர்களைப் பொருளறிந்து வாசிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸில் எழுதிய அன்டிஃபனீஸின் ஒரு நாடகத்திலிருந்து, துன்பியல் நாடகாசிரியர்களைப் பார்த்துப் பொறாமைப்படும் பேச்சு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ஈடிபஸ் என்ற பெயரைச் சொன்னாலே போதும், அவனுடைய தந்தை யார், தாய் யார், அவன் என்ன செய்தான், இனி என்ன படப்போகிறான் என்பதெல்லாம் அவையோருக்கு முன்பே தெரியும் என்கிறது அந்தப் பேச்சு. நகைச்சுவை நாடகம் எழுதுபவருக்கோ அந்த வசதி இல்லை. புதிய பெயர்களில் தொடங்கி முன்கதை, நடக்கும் கதை, முடிவு வரை எல்லாவற்றையும் அவரே உண்டாக்க வேண்டும். நகைச்சுவை நாடகத்தில் பெயர் ஏன் அத்தனை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. முகமூடி அணிந்து வரும் ஒருவரை அவையோர் அறிந்துகொள்ள, அவருடைய பெயரே முதல் வழியாக இருந்தது.

தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பிரிக்கும். இந்தப் பிரிவு கிரேக்க நகைச்சுவைக்கு நன்றாகவே பொருந்துகிறது என்றாலும், ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அங்கே ஒரு பெயர் இடுகுறியாக மேடைக்கு வந்து, நாடகம் நகர நகரக் காரணப் பெயராக மாறிவிடுகிறது. ஆகவே வேர்ச்சொல்லை அகராதியில் கண்டுபிடிப்பதோடு வாசகரின் வேலை முடிந்துவிடுவதில்லை. பெயர் எந்த இடத்தில் ஒலிக்கிறது, யார் வாயிலிருந்து ஒலிக்கிறது, அதைச் சுற்றி எந்தச் சொற்கள் நிற்கின்றன என்பவையே பொருளைத் தீர்மானிக்கின்றன. முழுமையாகக் கிடைத்துள்ள அரிஸ்டோஃபனீஸின் 11 நாடகங்களையும், மெனாண்டரின் நாடகங்களில் எஞ்சியவற்றையும் முன்வைத்து, அந்த வாசிப்பை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: பெயர் உண்மையிலேயே நாடகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்

பதிப்புகளின் தொடக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் கதைமாந்தர் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். பழங்காலப் பாப்பிரஸ் சுருள்களில் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் பேசுபவரின் பெயரை எழுதும் வழக்கம் பொதுவாக இல்லை. பேசுபவர் மாறுகிறார் என்பதை வரியின் தொடக்கத்தில் இடப்பட்ட சிறு கோடும் வரிக்குள் இடப்பட்ட இரட்டைப் புள்ளியும் மட்டுமே காட்டின. பட்டியல்களில் நாம் காணும் பெயர்களில் சில பிற்கால உரையாசிரியர்களின் ஊகங்கள்.

கி.மு. 424இல் மேடையேறிய ‘குதிரை வீரர்கள்’ நாடகத்தின் தொடக்கத்தில் வரும் இரண்டு அடிமைகளைப் பல பதிப்புகள் டெமாஸ்தெனீஸ், நிக்கியாஸ் என்று குறிக்கின்றன. இருவரும் அக்காலத்துத் தளபதிகள். ஆனால் நாடக வரிகளில் அந்தப் பெயர்களால் அவர்களை எவரும் அழைப்பதில்லை. பைலோஸில் தான் பிசைந்து வைத்த அப்பத்தை இன்னொருவன் தட்டிப் பறித்துத் தானே பரிமாறினான் என்று முதல் அடிமை புலம்புவதைக் கொண்டு, ஸ்பார்ட்டாவுக்கு எதிரான போரில் முந்தைய ஆண்டு கிடைத்த பைலோஸ் வெற்றியின் பெருமையை அரசியல்வாதி கிளியோனிடம் இழந்த டெமாஸ்தெனீஸை அவையோர் அடையாளம் கண்டிருப்பார்கள் என்பது நியாயமான ஊகம்தான். எனினும், பெயரைச் சொல்லாமலேயே ஆளைக் காட்டுவது அரிஸ்டோஃபனீஸின் உத்தி. பட்டியலை நம்பும் வாசகர் அந்த உத்தியையே பார்க்கத் தவறிவிடுவார். அதேபோல, ‘தெஸ்மோஃபோரியா விழாப் பெண்கள்’ நாடகத்தில் துன்பியல் நாடகாசிரியர் யூரிப்பிடீஸுக்குத் துணையாக வரும் முதியவரை ம்னெசிலோகோஸ் என்று பழைய பதிப்புகள் அழைக்கின்றன. நாடகத்துக்குள் அவர் ஓர் உறவினர் மட்டுமே, பெயரற்றவர்.

இரண்டாம் படி: கிரேக்க வடிவத்துக்குத் திரும்பிச் சென்று பிரித்துப் பாருங்கள்

ஆங்கிலம் வழியாக நம்மை வந்தடையும் பெயர்கள் பெரும்பாலும் இலத்தீன் எழுத்து வடிவைக் கடந்து வந்தவை. ‘டிசியோபோலிஸ்’ என்று உச்சரித்தால் அதற்குள் இருக்கும் ‘டிகையோஸ்’ என்னும் சொல், அதாவது நீதியுள்ள என்னும் பொருள், காதில் விழாது; ‘டிகையோபொலிஸ்’ என்று சொன்னால் ‘நீதி நகர்’ என்பது உடனே தெரியும். ‘ட்ரைஜியஸ்’ என்பதும் அப்படித்தான். ‘ட்ருகையோஸ்’ என்னும்போதுதான் திராட்சை அறுவடையைக் குறிக்கும் ‘ட்ருகே’ வெளிப்படுகிறது.

கிரேக்கப் பெயர்களில் பெரும்பகுதி இரண்டு வேர்களின் கூட்டு. அடிக்கடி வரும் சில வேர்களை நினைவில் வைத்துக்கொண்டால் பல பெயர்கள் தாமாகவே திறந்துகொள்ளும்: ஹிப்போஸ் என்றால் குதிரை, ஸ்ட்ராட்டோஸ் படை, மகே போர், டெமோஸ் மக்கள், அகோரா கூடுமிடமும் சந்தையும், ஃபில் என்பது விருப்பம், லூஸி என்பது அவிழ்த்தல் அல்லது கலைத்தல், பெய்ஸி என்பது இணங்கச் செய்தல். ‘-இடீஸ்’, ‘-அடீஸ்’ என்னும் ஈறுகள் மகன், வழித்தோன்றல் என்ற பொருளில் தோன்றியவை. இந்த வேர்களோடு பார்த்தால் லிசிஸ்ட்ராட்டே படைகளைக் கலைப்பவள். பெய்செட்டைரோஸ் தோழர்களை இணங்கச் செய்பவன். எவெல்பிடீஸ் நல்ல நம்பிக்கையின் மகன். பிராக்சகோரா பொதுமன்றத்தில் செயல்படுபவள்.

இவ்வாறு பிரித்துப் பார்க்கும் பழக்கம் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று; அவையோரே அதில் தேர்ந்தவர்கள் என்பதற்கு கி.மு. 422இன் ‘குளவிகள்’ நாடகம் சான்று. வீட்டுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் முதியவருக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கும்படி இரண்டு அடிமைகள் அவையோரிடம் கேட்கிறார்கள். சூதில் விருப்பமா, குடியில் விருப்பமா, பலியிடுவதில் விருப்பமா என்று ‘ஃபில்’ என்று தொடங்கும் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ‘ஃபிலோக்ஸெனோஸ்’, அதாவது விருந்தினரை விரும்புபவர், என்ற விடை வரும்போது அடிமை பதறி மறுக்கிறான். அது ஏதென்ஸில் இழிபெயர் பெற்ற ஒரு மனிதரின் பெயரும்கூட. உண்மையான நோய், நீதிமன்றத்தில் நடுவராக அமரும் ஆசை. இத்தனை ‘ஃபில்’ சொற்களுக்கும் பிறகுதான், ஏறத்தாழ 133ஆம் வரியில், முதியவரின் பெயர் ஃபிலோகிளியோன், அவருடைய மகனின் பெயர் ப்டெலுகிளியோன் என்று அறிவிக்கப்படுகிறது. ஒருவர் கிளியோனை விரும்புபவர், மற்றவர் கிளியோனைக் கண்டால் அருவருப்பவர். நோயின் பெயரும் ஆளின் பெயரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன. முதியவரின் நீதிமன்ற வெறி தனிமனிதக் குறை மட்டுமன்று, ஓர் அரசியல்வாதி ஊட்டி வளர்த்த குறை என்பதை எந்த விளக்கமும் இன்றி அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் படி: அது தெருவில் கேட்கக்கூடிய பெயரா, மேடைக்கென்று செய்த பெயரா?

ப்டெலுகிளியோன் என்று எந்தப் பெற்றோரும் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். லிசிஸ்ட்ராட்டே அப்படியல்ல, பெண்கள் உண்மையிலேயே தாங்கிய பெயர் அது. ஸ்ட்ரெப்சியாடீஸ் என்ற பெயரை ‘புரட்டலின் மகன்’ என்று பிரித்து, அரிஸ்டோஃபனீஸ் கட்டிய பெயர் என்று எளிதாக முடிவு செய்துவிடத் தோன்றும். ஆனால் கவிஞர் பிண்டாரின் வெற்றிப் பாடல்களில் ஒன்று தீப்ஸ் நகரத்து ஸ்ட்ரெப்சியாடீஸ் என்னும் வீரருக்காகப் பாடப்பட்டது. மதிப்புக்குரிய ஒரு குடும்பப் பெயரையே எடுத்து, அதில் உறங்கிக்கிடந்த பொருளை நாடகாசிரியர் எழுப்பியிருக்கிறார்.

இந்த வேறுபாடு முக்கியமானது. வெளிப்படையாகச் செய்யப்பட்ட பெயர் முதல் நொடியிலேயே சிரிப்பை எழுப்பி, பாத்திரத்தின் நிலைப்பாட்டை அறிவித்துவிடும். வழக்கிலுள்ள பெயர் அமைதியாக உள்ளே வந்து, உரிய நேரத்துக்காகக் காத்திருக்கும். எனக்கு இரண்டாம் வகையே உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

நான்காம் படி: பெயர் ஒலிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

நாடகத்தை வாசிக்கும்போது ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்தின் பெயரும் எந்த வரியில் முதன்முதலாகச் சொல்லப்படுகிறது என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். இந்த எளிய பழக்கம் தரும் பலன் பெரிது.

‘லிசிஸ்ட்ராட்டே’ நாடகத்தில் தலைவியின் பெயர் 6ஆம் வரியிலேயே வந்துவிடுகிறது. ‘அக்கார்னியர்’ நாடகத்தின் தலைவனோ 400 வரிகளுக்கு மேல் பெயரில்லாமல் இருக்கிறான். மக்கள் பேரவை கூடுமிடத்தில் விடியற்காலையில் தனியே காத்திருக்கும் உழவன், பேரவை தன்னை மதிக்காததால் ஸ்பார்ட்டாவுடன் தன் குடும்பத்துக்கு மட்டும் தனி உடன்படிக்கை செய்துகொண்டவன் என்ற அளவில்தான் அவனை நாம் அறிகிறோம். 406ஆம் வரியில் யூரிப்பிடீஸின் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான், உன்னை அழைப்பவன் கொல்லெய்டாய் ஊர் டிகையோபொலிஸ் என்று தன் பெயரைச் சொல்கிறான். எதிரியோடு சமாதானம் செய்தது சரியே என்று, தலையை வெட்டுமரத்தில் வைத்தபடி வாதாடப்போகும் தருணம் அது. ‘நீதி நகர்’ என்ற பெயர் அவனுக்குத் தேவைப்படும் சமயத்தில்தான் கொடுக்கப்படுகிறது.

தொடர்ந்து வரும் வாதத்தில் ஏறத்தாழ 500ஆம் வரியில், ‘டிகையோன்’ எது என்று நகைச்சுவை நாடகத்துக்கும் தெரியும் என்கிறான். நீதியைக் குறிக்கும் சொல் அவன் பெயரின் முதற்பாதி. அங்கே நகைச்சுவை நாடகத்துக்கு அவன் பயன்படுத்தும் சொல் ‘ட்ருகோடியா’. துன்பியலைக் குறிக்கும் ‘டிராகோடியா’வைத் திருப்பி, புது மதுவின் மணத்தை ஏற்றிய சொல் அது. நான்கு ஆண்டுகள் கழித்து, கி.மு. 421இல், ‘அமைதி’ நாடகத்தில் பெருவண்டின் மேலேறி வானுலகம் செல்லும் திராட்சைத் தோட்டக்காரனுக்கு அரிஸ்டோஃபனீஸ் ட்ருகையோஸ் என்று பெயர் வைத்தபோது, திராட்சை அறுவடையோடு நகைச்சுவை நாடகக் கலையும் அந்தப் பெயருக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

ஆனால் டிகையோபொலிஸ் தன் பெயருக்கு ஏற்றபடி நடக்கிறானா? நாடகத்தின் பிற்பகுதியில் டெர்கெட்டீஸ் என்ற உழவன் வருகிறான். பார்த்தல் என்று பொருள்படும் ‘டெர்கெஸ்தாய்’ என்ற சொல் அந்தப் பெயரில் ஒலிக்கிறது. பறிகொடுத்த எருதுகளை நினைத்து அழுது அழுது கண் போய்விட்டது, கண்ணில் இட ஒரு துளி சமாதானம் கொடு என்று அவன் கெஞ்சுகிறான். டிகையோபொலிஸ் மறுத்துவிடுகிறான். பார்வையின் பெயரைக் கொண்டவன் பார்வையின்றி நிற்க, நீதியின் பெயரைக் கொண்டவன் அவனை வெறுங்கையோடு அனுப்புகிறான். பெயர்களைக் கவனித்து வாசிப்பவர் இந்த இடத்தில் நிற்காமல் போக முடியாது. அந்தச் சமாதானத்தின் நீதி எத்தகையது என்ற கேள்வியைப் பெயர்களே எழுப்புகின்றன.

‘குதிரை வீரர்கள்’ நாடகம் இன்னும் நீண்ட நேரம் பெயரை மறைக்கிறது. தொத்திறைச்சி விற்பவன் என்று மட்டுமே அறியப்பட்டவன், 1250 வரிகளையும் தாண்டிய பிறகு, தன் பெயர் அகோராகிரிட்டோஸ் என்கிறான். மன்றத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்பது அந்தப் பெயரின் இயல்பான பொருள். அவனோ, சந்தையில் சச்சரவு செய்து பிழைத்ததால் இந்தப் பெயர் என்று தானே ஒரு காரணம் சொல்கிறான். பாத்திரம் தன் பெயருக்குத் தரும் விளக்கமும் பெயரின் வழக்கமான பொருளும் வேறுபடும் இடங்களை விட்டுவிடக் கூடாது. நாட்டு மக்களைக் காக்க வந்த தலைவனும் சந்தைச் சண்டைக்காரனும் ஒரே ஆள்தான் என்ற அந்த நாடகத்தின் கருத்து முழுவதும் இந்த ஒரு பெயரில் அடங்கியிருக்கிறது.

ஐந்தாம் படி: பெயரின் வேர்ச்சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள்

இந்தப் படிக்கு ‘மேகங்கள்’ நாடகத்தைவிடச் சிறந்த பயிற்சிக்களம் இல்லை. கி.மு. 423இல் மேடையேறிப் போட்டியில் மூன்றாம் இடமே பெற்ற இந்த நாடகத்தை ஆசிரியர் பின்னர் திருத்தி எழுதினார். நம்மிடம் இருப்பது திருத்திய வடிவம்.

முதலில் மகனின் பெயர். கடன் தொல்லையால் உறக்கமின்றித் தவிக்கும் தந்தை, தன் திருமணத்தையும் மகனுக்குப் பெயர் வைத்தபோது எழுந்த சண்டையையும் நினைவுகூர்கிறார். அவர் நாட்டுப்புற உழவர். மனைவியோ மெகாக்ளீஸ் என்ற பெரிய இடத்துப் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நகரத்துக் குடும்பத்துப் பெண். மகன் பெயரில் ‘ஹிப்போஸ்’ இருந்தே ஆக வேண்டும் என்று அவர் மனைவி ஸாந்திப்போஸ், கைரிப்போஸ், கல்லிப்பிடீஸ் என்று சொல்லிக்கொண்டே போகிறார். குதிரை வளர்க்கும் செல்வம் படைத்தவர்களின் பெயர்கள் இவை. ஸாந்திப்போஸ் என்பது ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளீஸின் தந்தையின் பெயர். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் கிரேக்க வழக்கப்படி, தன் தந்தை ஃபெய்டோனை நினைத்து ஃபெய்டோனிடீஸ் என்று வைக்க வேண்டும் என்பது கணவரின் பிடிவாதம். ‘ஃபெய்டெஸ்தாய்’ என்றால் சிக்கனமாக இருத்தல். கடைசியில் இருவரும் இறங்கிவந்து வைத்த பெயர் ஃபெய்டிப்பிடீஸ்: சிக்கனமும் குதிரையும் சேர்ந்த பெயர். சேரவே முடியாத இரண்டைச் சேர்த்த அந்தப் பெயர்தான் வீட்டின் கதை. ஒரே குதிரைக்குப் பன்னிரண்டு மினா (அக்காலப் பண அளவு) கடன். அந்தக் குதிரையை வாங்கவைத்ததும் அதே மகன்.

மராத்தான் செய்தியோடு தொடர்புபடுத்தப்படும் புகழ்பெற்ற ஓட்டக்காரரின் பெயரும் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நூலின் சில கையெழுத்துப் படிகளில் ஃபெய்டிப்பிடீஸ் என்றும், வேறு சிலவற்றில் ஃபிலிப்பிடீஸ் என்றும் இருக்கிறது. ஒரு வீரரின் பெயராக ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தால் இந்தச் சண்டைக் கதையின் சுவை கெட்டிருக்கும் என்ற காரணத்தால், ஓட்டக்காரரின் பெயர் ஃபிலிப்பிடீஸ்தான் என்று வாதிடுவோர் உண்டு. நகைச்சுவை நாடகத்தின் ஒரு பெயர், வரலாற்று நூலொன்றின் பாட வேறுபாட்டைத் தீர்மானிக்கவும் உதவுகிறது.

இனித் தந்தையின் பெயர். அவர் தன் பெயரை 134ஆம் வரியில்தான் சொல்கிறார். ஆனால் அதற்கு முன்பே, இரவெல்லாம் ஏன் புரண்டுகொண்டிருக்கிறீர்கள் என்று மகன் கேட்கும்போது, ‘ஸ்ட்ரெஃபெய்ன்’, அதாவது திருப்புதல் அல்லது புரட்டுதல், என்ற வினை வந்துவிடுகிறது. சற்றுப் பின்னர் அவர் மகனைப் பார்த்து, உன் நடத்தையைத் திருப்பிப்போடு என்று கேட்கும்போது அதே வேர் மறுபடி வருகிறது. சாக்ரடீஸின் பள்ளியில் சேர்ந்த பிறகு, பெரிய ஆசை எதுவும் இல்லை, கடன்காரர்களிடமிருந்து நழுவ நீதியைப் புரட்டத் தெரிந்தால் போதும் என்கிறார். அங்கே ‘ஸ்ட்ரெப்சோடிகெய்ன்’ போன்ற ஒரு கூட்டு வினை அவர் பெயரின் முதற்பாதியையே சுமந்து நிற்கிறது. இறுதியில், தானே கல்வி கற்கவைத்த மகனிடம் அடிவாங்கிய பிறகு, என்னை ஏன் எச்சரிக்கவில்லை என்று, நாடகத்தில் பாடற்குழுவாக வரும் மேகங்களிடம் முறையிடுகிறார். அவற்றின் விடை 1455ஆம் வரியில் வருகிறது: தீய செயல்களின் பக்கம் உன்னை நீயே திருப்பிக்கொண்டாய், இதற்குக் காரணம் நீயே. படுக்கையில் புரண்டதாகத் தொடங்கிய சொல், நீதியைப் புரட்டும் ஆசையாகி, தன்னையே தவறான பக்கம் திருப்பிக்கொண்ட குற்றமாக முடிகிறது. பிண்டார் பாடிய ஒரு வீரரின் பெயர், 1400 வரிகளுக்குள் முழுக் காரணப் பெயராகிவிட்டது.

ஆறாம் படி: தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்தே வாசியுங்கள்

ஏதென்ஸ் குடிமகனின் முழுப் பெயர் மூன்று பகுதிகள் கொண்டது: தன் பெயர், தந்தை பெயர், ‘டெமே’ எனப்படும் ஊர்ப் பிரிவின் பெயர். கிளெய்ஸ்தெனீஸ் என்னும் தலைவரின் அரசியல் சீர்திருத்தத்துக்குப் பின், ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா பகுதி முழுவதும் 139 டெமேக்கள் இருந்தன. ஃபெய்டோன் மகன் ஸ்ட்ரெப்சியாடீஸ், கிகின்னா ஊர் என்று ஒருவர் சொல்லும்போது, அவர் அதிகாரபூர்வமான குடிமகனாகத் தன்னை முன்வைக்கிறார் என்று பொருள்.

இந்த முறையையே நகைச்சுவை வளைக்கிறது. ‘லிசிஸ்ட்ராட்டே’யில் மனைவியைக் காணாமல் தவிக்கும் கணவன் கினேசியாஸ், தான் பையோனிடாய் ஊர்க்காரன் என்கிறான், அசைத்தல், அடித்தல் என்னும் வினைகளை நினைவூட்டி, இரண்டு பெயர்களும் படுக்கையறைப் பேச்சாகின்றன. ஊர் மட்டும் உண்மையான ஊர். ‘தவளைகள்’ நாடகத்தில் டயோனைசஸ் கடவுள், தான் ஜீயஸின் மகன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மதுச்சாடியின் மகன் என்கிறார். ‘அமைதி’யில் வானுலக வாயிலில் ஹெர்மீஸ் கடவுள் பெயர் கேட்க, ட்ருகையோஸ் முதலில் தன் பெயர், பிறப்பு, தந்தை என்ற மூன்று கேள்விகளுக்கும் அதே வசைச்சொல்லையே விடையாகத் தருகிறான், மிரட்டலுக்குப் பின்னரே, அத்மோனோன் ஊர் ட்ருகையோஸ், கைதேர்ந்த திராட்சைத் தோட்டக்காரன், வழக்காடித் திரிபவன் அல்லன் என்கிறான்.

ஏழாம் படி: உண்மை மனிதர்களின் பெயர்களைத் தனியே எடுத்து ஆராயுங்கள்

அரிஸ்டோஃபனீஸ் காலத்துப் பழைய நகைச்சுவை, வாழும் மனிதர்களைப் பெயர் சொல்லியே மேடையேற்றியது. சாக்ரடீஸும் யூரிப்பிடீஸும் அவ்வாறு வந்தவர்கள். உண்மைப் பெயரிலும் பொருள் தேடலாம் என்பதற்குத் தளபதி லாமகோஸ் எடுத்துக்காட்டு. அவருடைய பெயருக்குள் ‘மகே’, போர், இருக்கிறது. போர்களும் லாமகோஸ்களும் தொலையட்டும் என்ற போக்கில் ‘அக்கார்னியர்’ அந்தப் பெயரைப் பன்மையாக்கி, போரின் மறுபெயராகவே ஆக்கிவிடுகிறது. உண்மையான லாமகோஸ் பின்னாளில் சிசிலிப் படையெடுப்பில் உயிர் துறந்தார். ‘தவளைகள்’ நாடகத்தில் அவருடைய பெயர் மரியாதையோடு சொல்லப்படுகிறது.

கிளியோனை அரிஸ்டோஃபனீஸ் கையாண்ட விதம் வேறு. ‘குதிரை வீரர்கள்’ முழுவதும் கிளியோனைப் பற்றியதுதான் என்றாலும், அந்தப் பெயர் நாடகத்தில் ஒரே ஒரு முறை, 976ஆம் வரியில், குழுப் பாடலில் மட்டுமே வருகிறது. மேடையில் நிற்பவன் பாஃப்லகோன், டெமோஸ் என்னும் முதியவரின் வீட்டு அடிமை. இந்தப் பெயரில் மூன்று அடுக்குகள் உள்ளன. பாஃப்லகோனியா என்பது கருங்கடலின் தென்கரையில் இருந்த நாடு. ஆகவே மக்கள் தலைவன் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கிய அடிமையாகிறான். ‘பாஃப்லஸெய்ன்’ என்றால் கொதித்துப் பொங்குதல். ஆள் பொங்குகிறான், அடியில் விறகை இழுத்துவிடுங்கள் என்று நாடகமே அந்தப் பொருளை வெளிப்படுத்துகிறது. மூன்றாவதாக, அது கிளியோனின் முரட்டுக் குரலை நினைவூட்டும் ஒலி. ‘குளவிகள்’ நாடகத்தின் நாய் வழக்கும் இதே வகைதான். பாலாடைக்கட்டியைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்படும் நாயின் பெயர் லபீஸ், ‘பற்றிக்கொள்பவன்’, ஊர் ஐக்ஸோனே. தளபதி லாகீஸின் ஊரும் அதுவே. வழக்குத் தொடுக்கும் கிடதெனையோன் ஊர் நாயைக் கிளியோன் என்று அறிய, ‘கியோன்’, நாய், என்ற சொல்லின் ஒலியும் அந்த ஊர்ப்பெயரும் போதும்.

எட்டாம் படி: பெண்களின் பெயர்களை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள்

மதிப்புக்குரிய குடும்பப் பெண்ணின் பெயரைப் பொது இடத்தில் ஆண்கள் சொல்லாதிருப்பது ஏதென்ஸ் நாகரிகம். நீதிமன்றப் பேச்சுகளில் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே குறிப்பிடுவார்கள். ஆகவே நாடகத்தில் ஒரு பெண்ணின் பெயர் உரக்க ஒலிப்பதே ஒரு செய்தி. ‘லிசிஸ்ட்ராட்டே’யின் தொடக்கத்தில் பெண்கள் தங்களுக்குள் பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள், நாடகத்தின் இறுதிப் பகுதியில், போரை நிறுத்த வந்த தூதர்களே தலைவி லிசிஸ்ட்ராட்டேயைப் பெயர் சொல்லித் தேடுகிறார்கள்.

அந்தப் பெயருக்கு இன்னொரு பின்னணியும் இருக்கலாம். அக்காலத்தில் அதீனா கோயிலின் தலைமைப் பூசாரியாக இருந்த பெண்ணின் பெயர் லிசிமகே, ‘போரைக் கலைப்பவள்’. அப்பெயருடைய பூசாரி 64 ஆண்டுகள் பணியாற்றியதாக உரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். கிரேக்கர்கள் எங்களை லிசிமகேக்கள் என்று அழைப்பார்கள் என்று நாடகத் தலைவியே 554ஆம் வரியில் சொல்கிறாள். ‘அமைதி’ நாடகமும் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அமைதித் தெய்வத்தை அதே பெயரால் அழைத்திருந்தது. பூசாரியையே அவையோர் தலைவியில் கண்டிருப்பார்கள் என்ற கருத்தை அறிஞர் பலர் ஏற்கின்றனர். தலைவியை அப்படியே பூசாரியாகக் கொள்ளாமல், அந்தச் சாயலை மட்டும் ஏற்பது போதும் என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் படி: அடிமைகளின் பெயர்கள்

அடிமைகளை, அவர்கள் கொண்டுவரப்பட்ட நாட்டின் பெயராலோ அந்த நாட்டில் பரவலாக வழங்கிய பெயராலோ ஏதென்ஸ் மக்கள் அழைத்தார்கள் என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். லிடியாவிலிருந்து வந்தவர் லிடோஸ், சிரியாவிலிருந்து வந்தவர் சிரோஸ், ஃபிரிகியர் என்றால் மானெஸ் அல்லது மிடாஸ். கெட்டாஸ், டாவோஸ் என்னும் பெயர்கள் டான்யூப் பகுதி மக்களைக் குறிப்பவை. ‘செல்வம்’ நாடகத்தின் காரியோன் காரியா நாட்டுப் பெயர். பல நாடகங்களில் வரும் ஸாந்தியாஸ் செம்பட்டை முடிக்காரன். இந்தப் பெயர்களில் நகைச்சுவை குறைவு. ஒரு மனிதரின் சொந்தப் பெயர் அழிக்கப்பட்டு, வாங்கிய இடத்தின் முத்திரை பெயராவது அதில் தெரிகிறது. மெனாண்டரின் ‘கேடயம்’ நாடகத்தில் டாவோஸ் தன்னை ஃபிரிகியன் என்கிறான். உடனே ஒரு திரேஸ் நாட்டுப் பணியாளன், கெட்டாய் இனத்தாராகிய எங்களுக்கே ஆண்மை உண்டு என்று அவனை ஏளனம் செய்கிறான். அடிமைப் பெயர்களின் பின்னாலிருந்த நாடுகள் அந்த மனிதர்களுக்குள் எப்படி உயிரோடு இருந்தன என்பதைக் காட்டும் அரிய இடம் அது.

பத்தாம் படி: மெனாண்டருக்கு வரும்போது அளவுகோலை மாற்றுங்கள்

கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மலர்ந்த புதிய நகைச்சுவையில் அரசியல்வாதிகளும் வினோதக் கூட்டுப்பெயர்களும் மறைந்து, அன்றாட வீட்டுப் பெயர்கள் நாடகத்துக்கு நாடகம் திரும்பத் திரும்ப வருகின்றன. ஸ்மிக்ரினீஸ் (‘சிறிய’ என்ற சொல்லோடு ஒலிப்பது) கஞ்ச முதியவரின் பெயர்; மோஸ்கியோன் (இளங்கன்று) அனுபவமற்ற இளைஞனின் பெயர்; போலெமோன் (போர்) படைவீரனின் பெயர்; கிளிகெரா என்றால் இனியவள்; கிரைசிஸ் என்றால் பொன். கி.பி. நான்காம் நூற்றாண்டு இலத்தீன் உரையாசிரியர் டொனாட்டஸ், நகைச்சுவைப் பாத்திரங்களின் பெயருக்குக் காரணமும் சொற்பொருளும் இருக்க வேண்டும் என்று விதியே வகுத்து, உண்மையுள்ள அடிமைக்குப் பார்மெனோன், படைவீரனுக்குத் திராஸோன் அல்லது போலெமோன் என்று எடுத்துக்காட்டும் தருகிறார்.

அந்த விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் மெனாண்டரைத் தவறவிட்டுவிடுவோம். பெயர் எழுப்பும் எதிர்பார்ப்பை அவர் தெரிந்தே பொய்யாக்குகிறார். ‘சாமோஸ் பெண்’ நாடகத்தில் பார்மெனோன், ‘உடன் நிற்பவன்’, எசமானர் சூடுபோடுவதாக மிரட்டியதும் ஓடிவிடுகிறான். அதே நாடகத்தில் பொன்னின் பெயரைத் தாங்கிய கிரைசிஸிடம் பேராசைக்காரக் கணிகையை எதிர்பார்க்கும் அவை, மற்றவர்களின் குழந்தையைக் காக்கத் தன் வீட்டையே இழக்கத் துணியும் பெண்ணைக் காண்கிறது. ‘கூந்தல் வெட்டப்பட்டவள்’ நாடகத்தில் போலெமோன் பொறாமையில் கிளிகெராவின் கூந்தலை வெட்டிவிட்டு, அவள் பிரிந்ததும் அழுது தவிக்கிறான். இறுதியில், படைவீரன் என்பதை மறந்துவிடு என்று அவனுக்கு அறிவுரை கூறப்படுகிறது. தன் பெயரையே மறக்கச் சொல்லும் அறிவுரை அது.

பதினோராம் படி: எங்கே நிறுத்த வேண்டும்

எல்லாப் பெயரும் பேசுவதில்லை. நகைச்சுவை நாடகாசிரியர்கள் நடக்கக்கூடிய கதையை முதலில் அமைத்துவிட்டு, பிறகு கிடைத்த பெயர்களை இடுகிறார்கள் என்று அரிஸ்டாட்டில் கவிதையியலின் ஒன்பதாம் பகுதியில் சொல்கிறார். அவர் சொன்னது அன்றைய நிலைக்குப் பெரிதும் பொருந்தும். கி.மு. 316இல் முதற்பரிசு பெற்ற மெனாண்டரின் ‘சிடுமூஞ்சி’ நாடகத்தின் சோஸ்ட்ராட்டோஸ் என்ற இளைஞனின் பெயரிலும் ‘படை’ இருக்கிறது. ஆனால் அவனுக்கும் படைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது வழக்கிலிருந்த நல்ல குடும்பப் பெயர், அவ்வளவே.

ஐயம் வந்தால் நாடக வரிகளிடமே கேளுங்கள். பெயரின் வேர்ச்சொல் வேறு வரிகளில் வருகிறதா, பெயர் சொல்லப்படும் இடம் தாமதிக்கப்பட்டோ முன்தள்ளப்பட்டோ இருக்கிறதா, பெயருக்கு நேர் எதிராகவோ நேர் பொருத்தமாகவோ பாத்திரம் ஒரு செயலைச் செய்கிறதா என்று தேடுங்கள். இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் பெயரை இடுகுறியாக விட்டுவிடுவதே நேர்மையான வாசிப்பு. ‘பறவைகள்’ நாடகத்தின் பெய்செட்டைரோஸ் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறுகிறான்: பெயர் 640 வரிகளுக்குப் பின்னரே தெரிகிறது, அதற்குள் அவன் பறவைகளைத் தன் பேச்சால் இணங்கச் செய்துவிடுகிறான், இறுதியில் தோழர்களாகிய பறவைகளிலேயே சிலவற்றை, ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தவை என்று சொல்லிச் சமைத்துக்கொண்டிருக்கிறான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ‘மேகங்கள்’ நாடகத்தை முதலில் எடுத்து, ஸ்ட்ரெப்சியாடீஸின் வேர்ச்சொல் வரும் வரிகளைக் குறித்துப் பழகலாம். அடுத்து ‘அக்கார்னியர்’, அதன் பின் ‘சாமோஸ் பெண்’. மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்கள், அடிக்குறிப்புகள் உள்ள பதிப்பையும் வரி எண்கள் அச்சிடப்பட்ட பதிப்பையும் தேர்ந்தெடுப்பது அவசியம். வரி எண் இல்லாத பதிப்பில் நான்காம் படியையும் ஐந்தாம் படியையும் செய்யவே முடியாது.